துருக்கியின் முன்னுள்ள வழிகள்: சுங்க ஒன்றியமா, தடையற்ற வர்த்தக ஒப்பந்தமா?

துருக்கிக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையிலான இணைப்பு மன்றம் 1995 டிசம்பர் 22 அன்று 1/95 என்ற எண்ணுள்ள முடிவை நிறைவேற்றியது. 1963இல் அங்காராவில் கையெழுத்தான உடன்படிக்கை வாக்களித்திருந்த சுங்க ஒன்றியம், அந்த ஆண்டின் கடைசி நாளில் நடைமுறைக்கு வந்தது. தொழிற்பொருள்களுக்கு இரு தரப்பிலும் சுங்கத் தீர்வை நீங்கியது. மற்ற நாடுகளிலிருந்து வரும் அதே வகைப் பொருள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதிக்கும் தீர்வையையே துருக்கியும் விதிக்க ஒப்புக்கொண்டது. வேளாண் விளைபொருள்கள், சேவைகள், அரசுக் கொள்முதல் ஆகிய மூன்றும் ஏற்பாட்டுக்கு வெளியே நின்றன. முப்பது ஆண்டுகள் கடந்த நிலையில் அந்த ஏற்பாட்டை அப்படியே வைத்துக்கொள்வதா, விரிவாக்குவதா, அல்லது அதைக் கலைத்துவிட்டுத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் ஒன்றுக்கு மாறுவதா என்ற கேள்வி எழுந்துள்ளது. இதற்கு ஏற்றுமதிக் கணக்கை மட்டும் வைத்து விடை சொல்பவர்கள் பலர். நேரடி முதலீட்டை, அதாவது வெளிநாட்டு நிறுவனங்கள் ஆலை அமைக்கவோ நிறுவனங்களை வாங்கவோ கொண்டுவரும் மூலதனத்தை, அளவுகோலாக வைத்துப் பார்த்தால் விடை வேறு விதமாக அமைகிறது என்பதால் அந்தக் கோணத்திலிருந்தே இதை அணுகுகிறேன்.

இரண்டு ஏற்பாடுகளுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். புர்சா நகரில் ஒரு தொழிற்சாலை காருக்குள் ஓடும் மின்கம்பித் தொகுப்பைத் தயாரித்து ஜெர்மனிக்கு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அதிலுள்ள செம்புக் கம்பி ஒரு நாட்டிலிருந்தும் பிளாஸ்டிக் இணைப்பிகள் சீனாவிலிருந்தும் வந்திருக்கலாம். சுங்க ஒன்றியத்தில் இந்தச் சரக்குடன் போக வேண்டியது ஏ.டி.ஆர். என்ற ஒற்றைச் சான்றிதழ். சரக்கு துருக்கிக்குள் தடையின்றிப் புழங்கும் நிலையில் உள்ளது, அதாவது வெளியிலிருந்து வந்த பாகங்களுக்குரிய தீர்வை ஏற்கெனவே கட்டப்பட்டுவிட்டது என்பதை மட்டுமே அது சொல்கிறது. இணைப்பி எங்கே செய்யப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தில் அந்தக் கேள்வியே முதற்கேள்வியாகிவிடும். ஒவ்வொரு தரப்பும் வெளியுலகுக்குத் தனித்தனித் தீர்வை வைத்திருப்பதால், தீர்வை குறைந்த வாசல் வழியாக மூன்றாம் நாட்டுச் சரக்கு நுழைந்துவிடாமல் தடுக்கப் பிறப்பிட விதிகள் தேவைப்படுகின்றன. இணைப்பி விற்றவரிடமிருந்து ஓர் உறுதிமொழி, கம்பி விற்றவரிடமிருந்து இன்னொன்று, மொத்த மதிப்பில் உள்நாட்டுப் பங்கு எத்தனை சதவீதம் என்ற கணக்கு, அதை ஆண்டுக்கணக்கில் பாதுகாத்து வைக்கும் ஆவணங்கள் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். பெரிய நிறுவனம் இதைத் தாங்கும். அறுபது பேர் வேலை செய்யும் உதிரிபாகப் பட்டறைக்கு இது பெருஞ்சுமை.

முதலீட்டாளர் இந்த வேறுபாட்டுக்கு எப்படி எதிர்வினை ஆற்றுவார் என்பது அவர் எதற்காக ஆலை அமைக்கிறார் என்பதைப் பொறுத்தது. உயர்ந்த தீர்வைச் சுவரைத் தாண்டி உள்ளூர்ச் சந்தையைப் பிடிப்பதற்காக வரும் முதலீடு ஒரு வகை. 1971இல் புர்சாவில் உற்பத்தியைத் தொடங்கிய ஓயாக்-ரெனோ, ஃபியட்டுடன் இணைந்த டோஃபாஷ் ஆகிய இரண்டும் இவ்வகையைச் சேர்ந்தவை. அன்றைய துருக்கியில் வெளிநாட்டுக் காரை விற்பதைவிட உள்ளே செய்து விற்பதுதான் சாத்தியமாக இருந்தது. சுவர் இடிந்ததும் இத்தகைய முதலீட்டுக்குக் காரணமில்லாமல் போகிறது. பிரான்சிலேயே செய்து கப்பலில் அனுப்பலாம் என்ற நிலை வந்தால் ஆலையை மூடிவிடலாம் என்றுதான் கணக்கு சொல்லும். ஆனால் புர்சாவில் ஆலைகள் மூடப்படவில்லை. அவை ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்யும் ஆலைகளாக மாறின. உற்பத்திச் செலவு குறைந்த இடத்தில் செய்து பெரிய சந்தைக்கு அனுப்பும் இரண்டாம் வகை முதலீடு முதல் வகையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

2001இல் திறக்கப்பட்ட ஃபோர்டு ஓட்டோசானின் கோல்ஜுக் ஆலை இதற்குச் சிறந்த சான்று. அங்கே தயாராகும் டிரான்ஸிட் வகை வணிக வாகனங்கள் ஐரோப்பியச் சந்தைக்கானவை. கார்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதிக்கும் தீர்வை 10 சதவீதம். சரக்கு வாகனங்களுக்கு அது 22 சதவீதம் வரை போகும். இந்த அளவு தீர்வை இல்லாமல் நுழையும் உரிமை, அதுவும் பிறப்பிடக் கணக்கு ஏதும் காட்டாமல் நுழையும் உரிமை, ஓர் ஆலையின் இடத்தைத் தீர்மானிக்கப் போதுமானது. 1994இல் சகர்யாவில் கொரோலா செய்யத் தொடங்கிய டொயோட்டா, 1997இல் இஸ்மித்தில் தொடங்கிய ஹூண்டாய் போன்ற ஆசிய நிறுவனங்களுக்கு இது இன்னும் முக்கியம். ஏனெனில் அவற்றின் வாகனங்களில் ஐரோப்பாவுக்கு வெளியே செய்த பாகங்கள் கணிசமாக இருக்கும். கடுமையான பிறப்பிட விதி இருந்தால் அவற்றின் கணக்கு மாறிவிடும்.

இவ்வளவு வரை சுங்க ஒன்றியத்துக்குச் சாதகம். ஆனால் மொத்தத் தொகையைப் பார்த்தால் நிலைமை வேறு. சுங்க ஒன்றியம் தொடங்கிய 1996 முதல் 2000 வரை எந்த ஆண்டிலும் துருக்கிக்குள் வந்த நேரடி முதலீடு 1 பில்லியன் டாலரைத் தாண்டவில்லை. அதே 2000ஆம் ஆண்டில் போலந்துக்கு மட்டும் 9 பில்லியன் டாலருக்கு மேல் வந்தது. போலந்திடம் அப்போது சுங்க ஒன்றியம் இல்லை. தொண்ணூறுகளில் கையெழுத்தான ஐரோப்பிய உடன்பாடுகள் வழியே தொழிற்பொருள்களுக்கான தடையற்ற வர்த்தகம் மட்டுமே அதற்குக் கிடைத்திருந்தது. ஹங்கேரியும் செக் குடியரசும் அதே நிலையில்தான் இருந்தன. இருந்தும் சுசூகி ஹங்கேரியின் எஸ்டெர்கோமுக்கும், அவுடி அதே நாட்டின் ஜியோருக்கும், ஃபோக்ஸ்வாகன் செக் குடியரசின் ஸ்கோடா நிறுவனத்துக்கும் போய்ச் சேர்ந்தன. எல்லையைத் துருக்கி அளவுக்குத் திறக்காத நாடுகள் துருக்கியைவிடப் பல மடங்கு முதலீட்டை ஈர்த்தன என்பதே இந்த ஒப்பீட்டில் என்னை மிகவும் யோசிக்க வைத்த செய்தி.

அந்நாடுகளின் அரசுத் தொழில்கள் விற்பனைக்கு வந்ததும், ஜெர்மனியின் பக்கத்திலேயே அவை இருந்ததும் காரணங்களே. ஆனால் அவற்றைவிடப் பெரிய காரணம், அவை விரைவில் ஒன்றியத்தின் உறுப்பினர்களாகும் என்ற எதிர்பார்ப்பு. 2004இல் அது நிறைவேறியது. உறுப்பினராகப் போகும் நாட்டின் நீதிமன்றம், போட்டிச் சட்டம், மூலதனத்தை வெளியே எடுத்துச் செல்லும் உரிமை எல்லாம் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு எப்படி இருக்கும் என்பதை முதலீட்டாளரால் ஊகிக்க முடிந்தது. ஆலை என்பது இருபது முப்பது ஆண்டுக்கான முடிவு; இன்றைய தீர்வை விகிதம் அதில் ஒரு வரி மட்டுமே.

துருக்கியின் பிற்கால அனுபவமும் இதையே சொல்கிறது. 2005இல் 10 பில்லியன் டாலராக உயர்ந்த முதலீட்டு வரவு, 2006இல் 20 பில்லியனையும் 2007இல் 22 பில்லியனையும் தொட்டது. இந்த ஏற்றத்துக்கும் சுங்க ஒன்றியத்துக்கும் நேர்த்தொடர்பு இல்லை, ஏனெனில் அந்த ஏற்பாட்டில் 1996க்குப் பிறகு மாற்றமே நடக்கவில்லை. மாறியவை வேறு. 2003இல் 4875ஆம் எண் நேரடி முதலீட்டுச் சட்டம் வந்து முன் அனுமதி முறையை நீக்கியது. 2005 அக்டோபர் 3 அன்று உறுப்பினர் பேச்சுவார்த்தை தொடங்கியது. அதே ஆண்டில் துர்க் டெலிகாமின் 55 சதவீதப் பங்கு 6.55 பில்லியன் டாலருக்கு விற்பனையானது. ஐரோப்பிய வங்கிகள் துருக்கிய வங்கிகளின் பங்குகளை வாங்கிக் குவித்தன. வங்கியும் தொலைபேசியும் சேவைத் துறைகள். சுங்க ஒன்றியத்தின் வரம்புக்குள் அவை இல்லவே இல்லை. நாட்டின் வரலாற்றிலேயே மிகப் பெரிய முதலீட்டு அலை, இந்த ஒப்பந்தம் தொடாத துறைகளில்தான் வந்திறங்கியது.

துருக்கிக்குள் உள்ள நேரடி முதலீட்டில் பாதிக்கு மேல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து வந்தது என்று சொல்லிச் சுங்க ஒன்றியத்தின் வெற்றியை நிறுவ முயல்வோர் உண்டு. அந்தப் பட்டியலில் நெதர்லாந்து முன்னணியில் இருப்பதை அவர்கள் கவனிக்க வேண்டும். வேறு நாட்டு மூலதனம் நெதர்லாந்தில் பதிவு செய்த நிறுவனங்கள் வழியாகக் கடந்து போவது வழக்கம். ஆகவே நாடுவாரி முதலீட்டுக் கணக்கை எச்சரிக்கையுடன்தான் படிக்க வேண்டும். எதிர்த்திசையில் ஓடும் முதலீட்டையும் மறந்துவிடக் கூடாது: 2002இல் ருமேனியாவின் ஆர்க்டிக் குளிர்சாதனப் பெட்டி நிறுவனத்தை வாங்கியது துருக்கியின் ஆர்ச்செலிக்.

தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்துக்கு மாறலாம் என்று வாதிடுவோர் காட்டும் முன்மாதிரி மெக்சிகோ. 1994 ஜனவரி 1 அன்று வட அமெரிக்கத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தமான நாஃப்டா நடைமுறைக்கு வந்தது. 1993இல் 4 பில்லியன் டாலர் அளவில் இருந்த மெக்சிகோவின் முதலீட்டு வரவு, மறு ஆண்டில் 10 பில்லியனைத் தாண்டியது. அந்த ஆண்டு இறுதியில் பெசோ சரிந்து நாடே நெருக்கடியில் சிக்கியபோதும் வரவு பழைய அளவுக்குத் திரும்பவில்லை. நாஃப்டாவின் 11ஆம் அத்தியாயம், முதலீட்டாளர் நேரடியாகப் பன்னாட்டு நடுவர் முன் அரசுக்கு எதிராக வழக்குக் கொண்டுபோகும் உரிமையைத் தந்தது. துருக்கியின் 1/95 முடிவில் முதலீட்டைப் பற்றி அப்படி ஓர் அத்தியாயமே கிடையாது. சரக்குக்கான ஏற்பாட்டில் முதலீட்டுக்கான பாதுகாப்பு தானாக வந்துவிடாது என்பதை இந்த ஒப்பீடு காட்டுகிறது.

மெக்சிகோவிடமிருந்து இன்னொரு பாடமும் உண்டு. அது முதலில் நான் சொன்னதற்கு முரணாகத் தோன்றலாம். பிறப்பிட விதி சுமைதான், ஆனால் அதே விதி முதலீட்டை இழுக்கவும் செய்யும். நாஃப்டாவில் தீர்வையின்றி எல்லை கடக்க, ஒரு காரின் மதிப்பில் 62.5 சதவீதம் வட்டாரத்துக்குள் உருவாகியிருக்க வேண்டும். நாஃப்டாவுக்குப் பதிலாக 2020 ஜூலையில் வந்த புதிய உடன்பாடு அதை 75 சதவீதமாக உயர்த்தியது. அந்த அளவை எட்டுவதற்காக ஜப்பானிய, ஜெர்மானிய உதிரிபாக நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளரைப் பின்தொடர்ந்து வட்டாரத்துக்குள் ஆலை அமைக்க வேண்டியிருந்தது. சுங்க ஒன்றியம் அப்படி யாரையும் நெருக்குவதில்லை. அதன் விளைவாக வரும் முதலீடு எண்ணிக்கையில் குறையலாம். ஆனால் வருவது செலவுக் கணக்கில் தாக்குப்பிடிக்கக்கூடிய முதலீடாக இருக்கும். விதியின் கட்டாயத்தால் வந்த ஆலை, விதி மாறும் நாளில் தடுமாறும். 2025 ஏப்ரலில் அமெரிக்கா வெளிநாட்டுக் கார்கள் மீது 25 சதவீதத் தீர்வை விதித்தபோது, ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்போதே மெக்சிகோவில் தயாரான கார்களின் மதிப்பில் அமெரிக்காவில் உருவாகாத பங்குக்கு அந்தத் தீர்வை பாய்ந்தது.

சுங்க ஒன்றியத்தின் மிகக் கடுமையான குறை வேறிடத்தில் இருக்கிறது. துருக்கி பொதுத் தீர்வையைப் பின்பற்ற வேண்டும். ஆனால் அந்தத் தீர்வையை முடிவு செய்யும் மேசையில் அதற்கு இருக்கை இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு மூன்றாம் நாட்டுடன் ஒப்பந்தம் செய்துகொண்டால், அந்நாட்டுச் சரக்கு ஒன்றியத்துக்குள் தீர்வையின்றி நுழைந்து அங்கிருந்து துருக்கிக்கும் வந்து சேரலாம். துருக்கியச் சரக்கு அந்நாட்டுக்குள் அப்படி நுழைய முடியாது. அதற்குத் துருக்கி தனியே பேசித் தனி ஒப்பந்தம் பெற வேண்டும், அந்த நாட்டுக்கோ அப்படிப் பேசுவதில் அவசரம் ஏதுமில்லை. தென் கொரியாவுடன் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒப்பந்தம் 2011 ஜூலையில் செயல்படத் தொடங்கியது. துருக்கி தன் ஒப்பந்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவர 2013 மே வரை ஆனது. மெக்சிகோவுடன் ஐரோப்பாவின் ஒப்பந்தம் 2000ஆம் ஆண்டிலிருந்து உள்ளது. துருக்கிக்கு இன்றுவரை இல்லை. உலகம் முழுவதற்கும் ஏற்றுமதி செய்யும் தளம் ஒன்றைத் தேடும் நிறுவனம், ஸ்பெயினில் ஆலை வைத்தால் மெக்சிகோவுக்குத் தீர்வையின்றி அனுப்பலாம், துருக்கியில் வைத்தால் முடியாது என்பதைக் கணக்கில் சேர்த்தே தீரும்.

இதன் மறுபக்கமும் முதலீட்டைப் பாதிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் ஜப்பானுக்கும் இடையிலான பொருளாதாரக் கூட்டு உடன்பாடு 2019 பிப்ரவரி 1 அன்று நடைமுறைக்கு வந்து, ஜப்பானியக் கார்கள் மீதான 10 சதவீதத் தீர்வையைப் படிப்படியாகக் குறைக்கத் தொடங்கியது. அதே மாதத்தில் ஹோண்டா, இங்கிலாந்தின் ஸ்விண்டன் ஆலையை மூடும் முடிவோடு, துருக்கியின் கெப்ஸே ஆலையில் சிவிக் உற்பத்தி 2021இல் நிற்கும் என்றும் அறிவித்தது. உலக அளவில் மின்வாகனத்துக்கு மாறுவதையே நிறுவனம் காரணமாகச் சொன்னது. அதை மறுக்க எனக்குக் காரணமில்லை. ஆயினும் ஜப்பானிலிருந்து நேரே அனுப்பினாலும் தீர்வை இல்லை என்ற நிலை நெருங்கும்போது, ஐரோப்பிய வாசலில் ஆலை வைத்திருப்பதன் மதிப்பு குறைவது இயல்பு. அந்த மதிப்பைக் குறைத்த பேச்சுவார்த்தையில் துருக்கிக்கு எந்தக் குரலும் இருக்கவில்லை.

சுங்க ஒன்றியம் சரக்கைத்தான் விடுவித்தது, சரக்கு வண்டியை அல்ல. பல்கேரிய எல்லையிலுள்ள கபிகுலேயில் லாரிகள் வரிசையில் நிற்பது பழகிப்போன காட்சி. வண்டிக்குள் இருக்கும் சரக்குக்குத் தீர்வை கிடையாது. ஆனால் வண்டிக்கு ஒவ்வொரு நாட்டைக் கடக்கவும் எண்ணிக்கை வரம்புள்ள அனுமதிச் சீட்டு வேண்டும், ஓட்டுநருக்கு விசா வேண்டும். ஹங்கேரி, தன் நாட்டைக் கடந்துபோகும் துருக்கிய லாரிகளிடம் வசூலித்த வாகன வரி சுங்கத் தீர்வைக்கு இணையானது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017 அக்டோபரில் தீர்ப்பளித்தது. குறித்த நேரத்தில் பாகம் வந்து சேர்வதை நம்பி இயங்கும் கார்த் தொழிலில் எல்லையில் போகும் ஒரு நாள் தீர்வையைவிடச் செலவு பிடிக்கும். இந்தக் காத்திருப்பு எந்தத் தீர்வை அட்டவணையிலும் பதிவாவதில்லை.

பிரேசிலும் அர்ஜென்டினாவும் உள்ள தென் அமெரிக்கச் சுங்க ஒன்றியமான மெர்கோசூரின் அனுபவத்தை ஒரு வார்த்தையில் சேர்த்துக்கொள்ளலாம். பொதுத் தீர்வை 1995 தொடக்கத்தில் வந்தபோதும் கார்களும் சர்க்கரையும் விலக்கி வைக்கப்பட்டன. 1999 ஜனவரியில் பிரேசில் நாணயம் சரிந்ததும் அர்ஜென்டினாவில் இருந்த ஆலைகளின் செலவு ஒப்பீட்டளவில் ஒரே மாதத்தில் ஏறிவிட்டது. ஒரே தீர்வைக்குள் இரண்டு நாணயங்கள் ஓடும்போது முதலீடு எந்தப் பக்கம் சாயும் என்பதை எந்தத் தீர்வையும் காப்பாற்றித் தராது. துருக்கியின் நாணயமான லிராவின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மனிசா என்ற ஒரே நகரம் இந்த விவாதத்தின் இரு முனைகளையும் கண்டிருக்கிறது. 2019இல் அங்கே பெரிய கார் ஆலை அமைக்கத் திட்டமிட்ட ஃபோக்ஸ்வாகன், சிரியாவில் துருக்கியின் இராணுவ நடவடிக்கையை ஒட்டி முடிவைத் தள்ளிப்போட்டது. பெருந்தொற்றால் தேவை வீழ்ந்ததைச் சொல்லி 2020இல் கைவிட்டது. சுங்க ஒன்றியத்தில் அந்த இடைப்பட்ட காலத்தில் ஒரு சதவீதம்கூட மாறியிருக்கவில்லை. 2024 ஜூனில் துருக்கி சீனக் கார்கள் மீது 40 சதவீதக் கூடுதல் தீர்வையை அறிவித்தது. மறு மாதமே சீனக் கார் நிறுவனமான பி.ஒய்.டி. மனிசாவில் 1 பில்லியன் டாலர் மதிப்பில் ஆண்டுக்கு 1,50,000 வாகனங்கள் செய்யும் ஆலைக்கு ஒப்பந்தம் செய்தது. சுவர் எழுப்பி முதலீட்டை வரவழைக்கும் எழுபதுகளின் வழிமுறை இது. உள்ளே வந்த பிறகு ஐரோப்பாவுக்குத் தீர்வையின்றி அனுப்பலாம் என்ற ஈர்ப்பும் அதோடு சேர்ந்துகொண்டது. ஆனால் அதே நிறுவனம் தன் ஐரோப்பியக் கார் ஆலைக்கு ஹங்கேரியின் செகெத் நகரைத் தேர்ந்தெடுத்திருந்தது. அந்த அறிவிப்பு 2023 டிசம்பரிலேயே வந்துவிட்டது. உறுப்பு நாடு முதலில், ஒன்றியத்தின் வாசல் பிறகு. துருக்கி இப்படித் தனியே கூட்டும் தீர்வைகள் பொதுத் தீர்வையின் அடிப்படையையே அரிக்கின்றன. ஏ.டி.ஆர். சான்றிதழோடு ஐரோப்பாவிலிருந்து வரும் சரக்குக்கும் துருக்கி பிறப்பிட ஆதாரம் கேட்கத் தொடங்கியபோது, சுங்க ஒன்றியத்தின் தனிச்சிறப்பே கைநழுவத் தொடங்கியது.

இனி தேர்வுக்கு வருவோம். தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்துக்கு மாறினால் துருக்கிக்குத் தன் தீர்வையைத் தானே முடிவு செய்யும் உரிமை கிடைக்கும். யாருடன் வேண்டுமானாலும் பேசலாம். இழப்பது ஏ.டி.ஆர். தரும் எளிமையை. அந்த இழப்பின் அளவைப் பிரிட்டன் காட்டிக்கொண்டிருக்கிறது. 2021 ஜனவரி முதல் ஐரோப்பாவுடன் அதன் வர்த்தகத்தில் தீர்வை இல்லை, பிறப்பிட விதி உண்டு. மின்கார்களின் பேட்டரி அந்த விதியை எட்டாது என்று தெரிந்ததும், 2023 டிசம்பரில் விதியை 2026 இறுதி வரை ஒத்திவைக்க வேண்டியிருந்தது. துருக்கியில் உள்ள முதலீடு கார், தொலைக்காட்சி, ஆடை ஆகிய துறைகளில் திரண்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 10, 14, 12 சதவீதம் என்று உயர்ந்த தீர்வை வைத்திருப்பதும் இதே துறைகளில்தான். பிறப்பிட விதியில் தவறினால் கட்ட வேண்டிய தொகை அங்கேதான் அதிகம். ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும் ஆலைகளை இந்த ஆபத்துக்கு உட்படுத்துவது, வரக்கூடும் என்று நம்பும் ஆலைகளுக்காக எடுக்கத் தகுந்த முடிவு என்று எனக்குத் தோன்றவில்லை.

இப்போதுள்ளபடியே தொடர்வதும் மெதுவான இழப்பே. ஐரோப்பா செய்யும் ஒவ்வொரு புதிய ஒப்பந்தமும் துருக்கியின் நிலையைச் சற்றுத் தாழ்த்துகிறது. ஆகவே விரிவாக்கமே சரியான வழி என்று கருதுகிறேன். 2014இல் உலக வங்கி செய்த மதிப்பாய்வு இதைத்தான் பரிந்துரைத்தது. 2016 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையம் பேச்சுவார்த்தைக்கு அனுமதி கேட்டது. 2018 ஜூனில் உறுப்பு நாடுகளின் மன்றம், துருக்கியின் சட்ட ஆட்சி நிலையைச் சுட்டிக்காட்டி, மேற்கொண்டு நகர்வதற்கில்லை என்று சொல்லிவிட்டது. விரிவாக்கத்துக்குத் துருக்கியும் விலை கொடுக்க வேண்டும். அரசுக் கொள்முதலில் உள்நாட்டு நிறுவனங்களுக்குத் தரும் சலுகையை விட வேண்டும், மானியங்களை வெளிப்படையாக்க வேண்டும், வேளாண் துறையைத் திறக்க வேண்டும். அனத்தோலியாவின் சிறு கால்நடை வளர்ப்பாளருக்கு அது வலிக்கும், அதற்கு நீண்ட இடைக்காலம் தேவை.

எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசினால் பேச்சு மீண்டும் 2018இல் நின்ற இடத்திலேயே நிற்கும். முதலீட்டாளரின் பார்வையில் முதலில் வேண்டியது தகராறு தீர்ப்பதற்கான முறை: கூடுதல் தீர்வை, பிறப்பிட ஆதாரம், லாரி அனுமதி என்று இரு தரப்பும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டும் வழக்குகளை, எதிர்த்தரப்பின் சம்மதத்துக்குக் காத்திராமல் ஒரு நடுவரிடம் கொண்டுபோகும் வழி. இன்றைய 1/95இல் அது இல்லாததால் ஒவ்வொரு பூசலும் அரசியலாகிறது. இரண்டாவது, ஐரோப்பா ஒரு மூன்றாம் நாட்டுடன் பேசத் தொடங்கும்போதே துருக்கியும் அந்நாட்டுடன் இணையாகப் பேசி, இரு ஒப்பந்தங்களும் ஒரே நாளில் நடைமுறைக்கு வரும் ஏற்பாடு. கொரிய ஒப்பந்தத்தில் இழந்த ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அடுத்த நாட்டிடம் இழக்கப்படாமல் இருக்க அதுவே வழி. சேவைத் துறையும் கொள்முதலும் இவற்றுக்குப் பிறகு வரலாம். வங்கிகளும் தொலைபேசி நிறுவனமும் அவற்றுக்காகக் காத்திராமலேயே 2005இல் முதலீட்டைப் பெற்றுவிட்டன, கோல்ஜுக்கிலும் சகர்யாவிலும் நிற்கும் ஆலைகளுக்கோ முதல் இரண்டும் இப்போதே தேவை.